டிக்கெட் எடுக்காத காற்று

என் மகள்மேல் எனக்கு முதன்முதலாகப் பொறாமை வந்தது துபாயில், அல் குசைஸ் பகுதியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில், காலைப் பத்தேகால் மணிக்கு. மணி நினைவிருக்கக் காரணம், எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. எனக்கு முப்பத்தாறு. அந்தப் பயணத்துக்கு முன் நான் எந்த விமானத்திலும் ஏறியவள் இல்லை. எந்த மேடைக்கும் என்னைத் தேடி அழைப்பு வந்ததும் இல்லை. நாகர்கோவிலில் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். மற்ற நாட்களில் கவிதையா உரைநடையா என்று எனக்கே தெரியாத சிலவற்றை எழுதிச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அவற்றை என்னைத் தவிர அச்சுக்கோத்தவர் வாசித்திருப்பார். அப்படிப்பட்டவளுக்குத் துபாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்குள்ள ஒரு தமிழ் அமைப்பு, மூன்று இந்தியப் பள்ளிகளோடு சேர்ந்து கலாசாரப் பரிமாற்றம் என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஊரிலிருந்து தாயோ தகப்பனோ ஒருவர், கூடவே ஒரு பிள்ளை. பெற்றவர் தன் கலையைக் காட்ட வேண்டும்; பிள்ளை அங்குள்ள வகுப்புகளில் உட்கார்ந்து பழக வேண்டும். நன்றாக நடந்தால் ஆண்டுதோறும் அழைப்போம் என்று கடைசி வரியில் இருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் போனேன். ஆண்டுதோறும். அந்தச் சொல்லை வாயில் போட்டு அடக்கிக்கொண்டே விமானத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கொண்டுபோனது ஒரே ஒரு கதை. பத்து வருடமாக நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கதை. வடசேரியிலிருந்து ஆரல்வாய்மொழி போகும் டவுன் பஸ்ஸில் காற்று ஏறிவிடுகிறது, டிக்கெட் எடுக்காமல். கண்டக்டர் விடுவாரா? நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு துரத்துகிறார். காற்று ஒரு பெரியவரின் துண்டுக்குள் ஒளிகிறது, ஒரு பெண்ணின் முந்தானைக்குள் ஒளிகிறது. கண்டக்டர் விசில் ஊதினால் அந்தச் சத்தத்தையும் விழுங்கிவிடுகிறது. கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைத்துப் பிடித்து இறக்கிவிடுகிறார். இறங்கிய இடத்திலேயே கோபத்தோடு நிற்கிறது காற்று. அதனால்தான் அங்கே இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. கண்டக்டராக, பெரியவராக, பெண்ணாக, விசிலாக நானே ஆடி, நானே மூச்சு வாங்கி, இருபது நிமிடம் சொல்வேன். ஊரில் பிள்ளைகள் தரையில் உருளுவார்கள்.

எங்களைத் தங்கவைத்தவர், அந்த அமைப்பின் செயலாளர், கோயம்புத்தூர்க்காரர். கட்டடப் பொறியாளர். அல் குசைஸில் நான்காவது மாடியில் வீடு. மனைவி, ஒன்பது வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியும், வாயில் ஆங்கிலம்தான் வரும். பெரும்பாலான பிள்ளைகள் அங்கே அப்படித்தான். தமிழ்ப் பிள்ளைகளே அப்படியென்றால், மலையாளம், இந்தி, குஜராத்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் கண்டக்டர் எந்த மொழியில் சில்லறை கேட்பார்? இதை நான் ஊரிலேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அழைப்பு வந்த மயக்கத்தில் மொழி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

செயலாளர்தான் முந்தின நாள் காரில் போகும்போது சொன்னார். "பாப்பா நல்லா இங்கிலீஷ் பேசுதுங்க. நீங்க ரெண்டு வரி சொல்லுங்க, அது ரெண்டு வரி இங்கிலீஷ்ல சொல்லட்டும். சரியா இருக்குமுங்க."

மகள் என்னைப் பார்த்தாள். "சொல்லட்டாம்மா?"

"சொல்லு மக்கா. நான் சொல்றத மட்டும் சொல்லு."

முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் நடந்தது. என் இரண்டு வரிக்கு ஒரு மரியாதையான அமைதி. அவளுடைய இரண்டு வரிக்கு ஒரு மரியாதையான புன்னகை. பிறகு என் இரண்டு வரி அவள் வாயில் நான்காயிற்று. நான்கு ஆறாயிற்று. எனக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும். கேட்டுக்கொண்டே நின்றேன். அவள் கதையில் டவுன் பஸ் இல்லை; மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து இருந்தது. கண்டக்டர் இல்லை, தலைகளை எண்ணி ஏற்றும் பஸ் ஆன்ட்டி இருந்தார். காற்றிடம் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை இல்லை. ஆன்ட்டி எண்ணுகிறார்: முப்பத்திரண்டு. மறுபடி எண்ணுகிறார்: முப்பத்து மூன்று. யார் அந்த முப்பத்து மூன்று?

அரங்கம் வெடித்தது. முன்வரிசையில் ஒரு பையன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான். பின்னால் நின்ற ஓர் அம்மா உண்மையாகவே பள்ளியின் பஸ் ஆன்ட்டியாம்; பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவரைக் காட்ட, அவர் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், ஒரு நொடி தாமதமாக. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏ மக்கா, கண்டக்டர் எப்போ ஆன்ட்டி ஆனாரு?"

"இவங்க கண்டக்டரையே பாத்தது இல்லியாம்மா. நேத்து அந்த வீட்டுப் பாப்பாதான் அவங்க ஸ்கூல் பஸ் பத்திச் சொன்னா."

"அப்போ விசில்?"

"ஆன்ட்டிகிட்ட விசில் கிடையாது. கத்துவாங்கன்னு வச்சுட்டேன். சரியா வந்துச்சுல்லா?"

சரியாகத்தான் வந்தது. ஒரே இரவில் வந்தது. நான் பத்து வருடம் தேய்த்த பாத்திரத்தை அவள் ஒரே இரவில் வேறு பாத்திரமாக அடித்துவிட்டாள், அதில் தண்ணீர் என்னுடையதைவிட அதிகமாக நின்றது. தாய் என்றால் என்ன செய்ய வேண்டும்? அள்ளி எடுத்து நெற்றியில் முத்தம் தர வேண்டும். தந்தேன். தந்துகொண்டே அவள் நெற்றி வியர்வையில் உப்பு அதிகம் என்று நினைத்தேன்.

ஓரகத்தியின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து எரிந்திருக்கிறேன். கூட எழுதியவளின் புத்தகம் அழகான அட்டையோடு வந்தபோது இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். அந்த எரிச்சல்களுக்கெல்லாம் போக ஓர் இடம் இருந்தது. யாரிடமாவது சொல்லலாம், அவளைப் பற்றி இரண்டு குறை சொல்லிச் சிரிக்கலாம். பெற்ற மகள்மேல் வருவதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான்காவது மாடி சமையலறையில் செயலாளரின் மனைவி அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டபடி, "என்ன பேச்சுங்கறீங்க, இது வவுத்துல பொறந்ததுக்கு நீங்க புண்ணியம் பண்ணியிருக்கோணும்" என்றார். ஆமாம் என்றேன். தோசை கருகிக்கொண்டிருந்தது, நான்தான் திருப்பிப் போட்டேன்.

இரண்டாவது பள்ளி சார்ஜாவில். அதற்குள் செய்தி போயிருந்தது. மேடையில் ஒரே ஒலிவாங்கி. அதை அவள் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் குனிந்து பேச வேண்டியிருந்தது. குனிந்து இரண்டு வரி, நிமிர்ந்து நின்று அவளுடைய எட்டு வரி. இருபது நிமிடக் கதையில் எனக்கு ஆறு நிமிடம் வந்திருக்கும். கடைசியில் ஒரு பூங்கொத்து. கொண்டுவந்த சிறுமி என்னைத் தாண்டிப் போய் அவளிடம் கொடுத்தாள். மகள் உடனே அதை என்னிடம் நீட்டினாள். அது இன்னும் மோசம்.

அன்று சாயங்காலம் தேரா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். அப்ரா என்கிற மரப்படகில் கிரீக் கடற்கழியைக் கடந்தோம்; டீசல் வாசம், தண்ணீர் கையெட்டும் தூரத்தில். மகள் கையை விட்டு அளைந்துகொண்டே வந்தாள். மசாலாக் கடைத் தெருவில் ஒரு கீழக்கரைக்காரர் கடையில் ஏலக்காய் வாங்க நின்றோம். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, தராசில் பார்வை. எங்கள் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"கதை சொல்ல வந்தவங்க நீங்கதானா?"

நான் ஓரடி முன்னால் வந்தேன். "ஆமாங்க."

"எம் பேத்தி சார்ஜாவுலதான் படிக்கிறா. மத்தியானம் போன் போட்டு அந்தக் காத்து கதைய மூச்சு விடாம சொல்றா." பார்வை என்னைத் தாண்டி மகளிடம் போனது. "இந்தப் புள்ளதானே? மாஷா அல்லாஹ். அப்ப நீங்க இந்தப் புள்ளையோட உம்மா!"

ஏலக்காய்க்கு மேல் ஒரு கை உலர்ந்த அத்திப்பழம் அள்ளிப் போட்டார். புள்ளைக்கு என்றார்.

கடையைவிட்டு வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ஐஸ் என்றாலே தொண்டை கட்டும், சளி பிடிக்கும் என்று தடை. அந்தத் தடையைப் போட்டவளே நான்தான். அன்று மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். தின்று முடித்ததும் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன்.

"அம்மா, நீயா கேக்குற?"

"சாப்பிடு. வெளிநாடு வந்தா சாப்பிடணும்."

இரண்டாவதையும் தின்றாள், குளிர்ந்த தண்ணீரும் குடித்தாள். மறுநாள்தான் புஜைரா. மூன்றாவது பள்ளி, கடைசிப் பள்ளி. அமைப்பின் பெரிய மனிதர்களும் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டு யாரை அழைப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

காலையில் அவள் தொண்டை மணி மாதிரி இருந்தது. குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரல் எழும்பி வந்தது. அந்தக் குரல் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டே செயலாளரின் மனைவியிடம் சொன்னேன்: "பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு. இன்னைக்குப் பேச வேண்டாம்னு பாக்கேன்." அவர் ஒரு கணம் குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு, "அப்படிங்களா, சுடுதண்ணி வெக்கறேன்" என்றார்.

புஜைராவுக்குப் போகும் வழியில் மணல் நிறம் மாறிக்கொண்டே வந்தது. வெளுப்பு, மஞ்சள், துருப்பிடித்த சிவப்பு. பிறகு திடீரென்று ஒரு புல்கூட இல்லாத மலைகள், உரித்துப்போட்ட எலும்பு மாதிரி. செயலாளர் வண்டி ஓட்ட, மனைவி முன்னால். பின்னால் நாங்கள் மூன்று பேர். அவருடைய பெண் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பள்ளி வாசலில் இறங்கியதும் மகளைத் தனியே இழுத்துச் சொன்னேன். "உனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்கு நான் மட்டும் சொல்லுறேன். நீ கீழ உட்காந்து கேளு."

அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்களுக்குப் புரியாதேம்மா" என்றாள். எனக்காகக் கவலைப்பட்டாள்.

"புரிய வைப்பேன். போ."

ஒலிவாங்கியை என் உயரத்துக்கு நானே ஏற்றினேன். முன்னால் பெரிய மனிதர்கள், ஓரத்தில் மலையாளத் தலைமையாசிரியை, நடுவில் இருநூறு பிள்ளைகள். நான் அதுவரை அப்படிச் சொன்னதில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. கண்டக்டராகக் குதித்தேன். பெரியவராக இருமினேன். விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். கதவோரம் தரை துடைக்கும் கட்டையோடு நின்ற ஒரு துப்புரவுத் தொழிலாளி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். நம் ஊர்க்காரர் என்று தெரிந்தது. அந்த ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு தலை திரும்பியது. அங்கேதான் என் மகளும் செயலாளரின் பெண்ணும் இருந்தார்கள். அந்தச் சின்னப்பெண் காதில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் சொன்னாள். முன்வரிசைப் பையன் நாற்காலியில் முழங்கால் போட்டுத் திரும்பினான். பிறகு இன்னொருவன். பின்வரிசை முன்னால் சாய்ந்தது. நான் காற்றாகப் பெண்ணின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டிருந்தபோது, எனக்கு எதிரே முகங்கள் இருந்த இடத்தில் பின்னந்தலைகள் இருந்தன. நாற்பது பேர் இருக்கும். ஒரு குட்டி வட்டம். அதன் நடுவே அவள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று கிசுகிசுப்பாக.

நான் நிறுத்திவிட்டேன். பாதி வாக்கியத்தில். ஒலிவாங்கியில் ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. என் கதை நின்றுபோன பிறகும் அவள் கதை ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ போய் முடிந்தது. முடிந்த இடத்தில் அந்த வட்டம் சிரிக்கவில்லை. ஒரு பெரிய மூச்சை இழுத்தது. ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள். திரும்பியிருந்த அந்த முழங்கால் பையன் வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தான். என் காற்றாலை முடிவைக் கேட்டு யாரும் அப்படி மூச்சு இழுக்கமாட்டார்கள். இருபது நிமிடம் வேர்க்க வேர்க்க ஆடினாலும் எனக்குக் கிடைக்காத மூச்சு அது. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை எழுந்தார். "மோளே, இங்ஙோட்டு வா. மைக்கில் பறயூ" என்று மேடையைக் காட்டினார். இருநூறு பிள்ளைகளும் கை தட்டினார்கள். என் மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். வந்துவிடுவாள் என்று நினைத்தேன். விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மிச்சக் கதையை நான்தான் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. தமிழில், தனியாக, நல்ல பிள்ளைகளின் நல்ல அமைதிக்கு நடுவே. முடிந்ததும் கை தட்டினார்கள். எத்தனை தட்ட வேண்டுமோ அத்தனை.

வெளியே அந்தத் தொழிலாளி காத்திருந்தார். பரமக்குடிப் பக்கம். "அக்கா, அந்தக் கண்டக்டர் சில்லறை இல்லன்னு மூஞ்சியத் திருப்புறான் பாருங்க, அப்படியே எங்க ரூட்டு ஆளு! ரெண்டு வருசம் ஆச்சு இப்படிச் சிரிச்சு."

"பிள்ளைங்க சிரிக்கலியே தம்பி."

"அதுகதான் பாப்பா பக்கம் திரும்பிருச்சுகளே" என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. நான் கடைசிவரைக்கும் உங்க பக்கந்தான் பாத்துக்கிட்டு நின்னேன். சூப்பர்வைசர் வந்துகூட நகரல" என்றார்.

திரும்பும் வழியில் செயலாளர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த வருசமும் வந்துருங்க. பாப்பாவுக்குத் தொண்டை மட்டும் சரியா இருக்கோணும். பாப்பா இல்லாம நடத்த முடியாதுங்க. பெரியவங்களே சொல்லிட்டாங்க."

மகள் முந்திக்கொண்டாள். "நான் வரல அங்கிள்."

"ஏஞ் சாமி?"

"எனக்குக் கதைலாம் வராது. அம்மா சொன்னதத்தான் சொன்னேன்."

செயலாளரின் மனைவி திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு என்னை. எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? வெட்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் வந்தது.

மலை இறங்கும் இடத்தில், சாலையோரப் பழக்கடைகளில் வண்டியை நிறுத்தினார்கள். மகளும் அவர்களோடு இறங்கிப்போனாள். சின்னப்பெண் செருப்பைக் காணாமல் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் நகர்ந்தேன்.

"பாப்பா, அக்கா இன்னைக்குக் கதைய எப்படி முடிச்சா?"

"இட்ஸ் எ சீக்ரெட், ஆன்ட்டி."

"ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லு."

அவள் யோசித்தாள். செருப்பு கிடைத்துவிட்டது, அதை மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில் கஷ்டப்பட்டுச் சொன்னாள். "அக்கா சொல்லாதேன்னு சொன்னாங்க. எல்லார்கிட்டயும் ப்ராமிஸ் வாங்கினாங்க. சொன்னா அம்மா வருத்தப்பட்டு ஸேட் ஆயிடுவாங்கன்னு."

கடைக்காரர் மாதுளை ஒன்றைப் பிளந்து காட்டிக்கொண்டிருந்தார். என் மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல். எப்போதிலிருந்து தெரியும் இவளுக்கு? ஐஸ்கிரீமிலிருந்தா? அந்த முதல் பத்தேகால் மணியிலிருந்தேவா?

அவள் வண்டியில் ஏறியதும் கேட்டேவிட்டேன். "மக்கா, முடிவு என்ன சொன்ன?"

"நீ சொன்னதுதாம்மா. மலையில எறக்கி விட்டாங்க."

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு அழைப்பு வரவில்லை. வேறொரு ஊரிலிருந்து மேஜிக் செய்கிற ஒருவரும் அவர் மகனும் போனதாகக் கேள்விப்பட்டேன். என் மகள் அதன் பிறகு எங்கள் வீட்டில் கதை என்ற பேச்சையே எடுக்கவில்லை. கணக்கு படித்தாள், கணக்கிலேயே வேலைக்கும் போனாள். நல்ல வேலை. போன மாதம் போனில் வேறு ஏதோ பேசும்போது மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எந்தக் கதைம்மா? எனக்கு மறந்தே போச்சு" என்றாள். மறந்தவர்கள் அத்தனை நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த நாற்பது பிள்ளைகளுக்கும் இப்போது முப்பது வயது ஆகியிருக்கும். எங்கெங்கோ இருப்பார்கள். ஒருவராவது தன் குழந்தைக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம், சரியான முடிவோடு. யார் யார் என்று தெரியாமலேயே, அந்த நாற்பது பேர்மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.